தராசும் சாட்சியும்: பழைய வெள்ளி டாலர்களின் தரமும் மதிப்பும்

கி.பி. 1835ஆம் ஆண்டில் 'பீகாக்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் ஓமன் நாட்டின் மஸ்கட் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்த தூதர் எட்மண்ட் ராபர்ட்ஸ், இரண்டாண்டுகளுக்கு முன் தாமே பேசி முடித்திருந்த நட்பு, வணிக உடன்படிக்கைக்குத் தம் அரசு அளித்த ஒப்புதலைக் கொண்டுவந்திருந்தார். அமெரிக்கக் குடியரசு வளைகுடாப் பகுதியின் அரபு ஆட்சியாளர் ஒருவருடன் செய்துகொண்ட முதல் உடன்படிக்கை அது. மஸ்கட்டையும் ஸான்ஸிபாரையும் ஒருசேர ஆண்ட சையித் ஸயீத் இப்னு சுல்தானுக்கு அவர் கொணர்ந்த அன்பளிப்புகளுள், அமெரிக்க நாணயங்கள் அடங்கிய பேழை ஒன்றும் இருந்தது. அதில் 1804 என்று ஆண்டு பொறிக்கப்பட்ட வெள்ளி டாலர் ஒன்று இடம்பெற்றிருந்தது.

அப்பேழையைச் சேர்ந்தது என்று நாணயவியலாளர் கருதும் அந்த ஒற்றை நாணயம், 1999ஆம் ஆண்டில் 41 இலட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. 2021இல் மீண்டும் ஏலத்திற்கு வந்தபோது 76 இலட்சத்து 80 ஆயிரம் டாலருக்கு விற்கப்பட்டது. அதிலுள்ள தூய வெள்ளியின் எடையோ ஏறத்தாழ 24 கிராம்தான். அதே அளவு வெள்ளியைக் கொண்ட இன்னொரு பழைய அமெரிக்க டாலரை இன்றும் சாதாரண நாணய வணிகரிடம் வெள்ளி விலைக்குச் சற்றே கூடுதலாகக் கொடுத்து வாங்கிவிடலாம். ஒரே உலோகம், ஒரே எடை, ஒரே பெயர் கொண்ட இரு நாணயங்களுக்கிடையே இத்துணைப் பெரிய இடைவெளி எவ்வாறு தோன்றுகிறது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டாலர் பிறந்த வரலாறு

'டாலர்' என்னும் சொல் அமெரிக்காவில் பிறந்ததன்று. இன்றைய செக் நாட்டில் அமைந்துள்ள யோவாகிம்ஸ்தால் என்னும் பள்ளத்தாக்கின் சுரங்கங்களில் கிடைத்த வெள்ளியைக் கொண்டு 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய நாணயங்கள் அடிக்கப்பட்டன. அவை ஊர்ப் பெயரால் 'யோவாகிம்ஸ்தாலர்' என்றும், பின்னர்ச் சுருங்கித் 'தாலர்' என்றும் வழங்கலாயின. ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் உருவம் தாங்கி, 1780 என்ற ஆண்டை நிலையாகக் கொண்டு, அவருடைய மறைவுக்குப் பின்னும் தொடர்ந்து அடிக்கப்பட்ட தாலர் ஏமன், ஹிஜாஸ், எத்தியோப்பியா ஆகிய நிலப்பகுதிகளில் நெடுங்காலம் புழங்கியது. அரபு வணிகர்கள் அரசியின் தோளிலுள்ள அணியையும் மணிமுடியின் முத்துக்களையும் உற்று நோக்கிய பின்னரே அதனை ஏற்றனர் என்பர். அவர்கள் செய்ததும் ஒருவகைத் தரப்படுத்தலே.

அமெரிக்கா தனக்கெனச் சட்டம் இயற்றிய 1792ஆம் ஆண்டில், அந்நாட்டில் பெருவழக்காக இருந்த ஸ்பானிய எட்டு ரியால் நாணயத்தையே முன்மாதிரியாகக் கொண்டது. ஒரு டாலரில் 371.25 கிரெய்ன், அதாவது 24.06 கிராம் தூய வெள்ளி இருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் வரையறுத்தது. 1837இல் கலவையின் விகிதம் மாற்றப்பட்டு மொத்த எடை 26.73 கிராம் ஆயிற்று. பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு என்பது நிலையான முறையாயிற்று. எனினும் தூய வெள்ளியின் அளவு மாறவில்லை. கீழைநாட்டு வணிகத்திற்கெனத் தனியே அடிக்கப்பட்ட 'டிரேடு டாலர்' ஒன்று நீங்கலாக, 1935 வரை வந்த வெள்ளி டாலர்களுக்குச் சட்டம் வரையறுத்த அளவு இந்த 24.06 கிராமே. எனவே விலையின் வேறுபாட்டை உலோகத்தில் தேடிப் பயனில்லை.

எத்தனை அடித்தார்கள், எத்தனை எஞ்சின?

நாணயத்தின் பழமையே அதன் விலையை நிர்ணயிக்கிறது என்பது பரவலான எண்ணம். இதனினும் சற்றுத் தெளிந்தோர், எத்தனை நாணயங்கள் அடிக்கப்பட்டன என்னும் கணக்கைப் பார்ப்பர். உண்மையில் எத்தனை எஞ்சின, எந்நிலையில் எஞ்சின என்பவையே விலையை முடிவு செய்கின்றன. இதனை மோர்கன் டாலரின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

நெவாடா மாநிலத்தின் காம்ஸ்டாக் சுரங்கங்களிலிருந்து பெருகிய வெள்ளிக்குச் சந்தை தேடிய அரசியல்வாதிகளின் வற்புறுத்தலால், 1878இல் பிளாண்ட்–அலிசன் சட்டம் நிறைவேறியது. மாதந்தோறும் இருபது இலட்சம் முதல் நாற்பது இலட்சம் டாலர் வரை மதிப்புள்ள வெள்ளியை வாங்கி நாணயமாக்கும் கடமை அரசுக்கு ஏற்பட்டது. இங்கிலாந்தில் பிறந்த ஜார்ஜ் மோர்கன் என்னும் செதுக்குநர் வடிவமைத்த டாலர், 1878 முதல் 1904 வரையிலும் மீண்டும் 1921இலும் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. மக்கள் தாள் பணத்தையே விரும்பியதால், இந்நாணயங்களில் பெரும்பாலானவை ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டப்பெற்றுக் கருவூலங்களின் இருளில் கிடந்தன.

முதல் உலகப் போரின்போது அவற்றின் தலைவிதி மாறியது. அந்த மாற்றத்தில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. 1918இல் பிரிட்டிஷ் இந்தியாவில் தாள் பணத்தின் மீது மக்களுக்கு நம்பிக்கை குன்றிற்று. நோட்டுகளைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்போர் பெருகினர். கருவூலத்தில் வெள்ளி வற்றிவரும் நிலையில் பிரிட்டன் அமெரிக்காவை நாடியது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் நிறைவேறிய பிட்மன் சட்டத்தின்கீழ் 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அந்த வெள்ளியின் மிகப் பெரும் பகுதி இந்தியாவின் தேவைக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. ஒரு டாலரின் வெள்ளி இரண்டேகால் ரூபாய்க்குப் போதுமானது. நம் பாட்டனார் காலத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களுள் பல, அதற்கு முன் அமெரிக்கக் கழுகைத் தாங்கியிருந்த வெள்ளியே.

உருக்கியவர்கள் எந்த ஆண்டின் நாணயம் எத்தனை உலைக்குப் போயிற்று என்று கணக்கெழுதவில்லை. ஆகவே 1918க்குப் பின், நாணயச்சாலையின் பழைய பேரேடுகளைப் பார்த்து ஒரு நாணயத்தின் அருமையை அறிதல் இயலாததாயிற்று. 1903ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் 44 இலட்சத்திற்கும் மேற்பட்ட டாலர்கள் அடிக்கப்பட்டன. அவை அனைத்தும் உருகிவிட்டன என்றே சேகரிப்பாளர் எண்ணினர். புழக்கத்திற்கு வராத ஒன்றின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டி நின்றது. 1962ஆம் ஆண்டின் இறுதியில் கருவூல நிலவறை ஒன்று திறக்கப்பட்டது; அதிலிருந்து அந்நாணயங்கள் மூட்டை மூட்டையாக வெளிவந்தன. விலை சில பத்து டாலர்களுக்குச் சரிந்தது. அருமை என்று நாம் நம்புவது சில வேளைகளில் நமது அறியாமையின் அளவேயன்றி வேறன்று என்பதை அந்த ஆண்டு சேகரிப்பாளருக்குக் கற்பித்தது.

ஒரே ஆண்டின் இரு நாணயங்களை ஒப்பிட்டாலும் இவ்வுண்மை விளங்கும். 1884இல் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை 32 இலட்சம் டாலர்களை அடித்தது. நெவாடாவின் கார்சன் சிட்டி நாணயச்சாலை 11 இலட்சத்து 36 ஆயிரம் மட்டுமே அடித்தது. குறைவாக அடிக்கப்பட்ட பின்னதே மிகவும் அரிதாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் கார்சன் சிட்டி நாணயங்களில் ஒன்பதரை இலட்சத்திற்கும் மேற்பட்டவை பயன்படாமலேயே கருவூலத்தில் தங்கி, 1972க்குப் பின் அமெரிக்க அரசாலேயே சேகரிப்பாளருக்கு விற்கப்பட்டன. சான் பிரான்சிஸ்கோ நாணயங்களோ மக்களிடம் சென்று தேய்ந்தன. தேய்ந்த நிலையில் அவை எளிதில் கிடைக்கும், விலையும் அதிகமன்று. பழுதற்ற நிலையில் ஒன்று கிடைப்பது அரிதினும் அரிது. கிடைத்தால் இலட்சக்கணக்கான டாலர் பெறும். அதே நாணயச்சாலை மூன்றாண்டுகளுக்கு முன், 1881இல், அடித்த டாலர்களோ பழுதற்ற நிலையிலேயே ஏராளமாக எஞ்சியுள்ளமையால் சில நூறு டாலருக்குள் கிடைக்கின்றன.

இங்குதான் தரப்படுத்தல் என்னும் கலை நுழைகிறது. தேய்ந்தது எது, பழுதற்றது எது என்று யார் சொல்வது? எந்த அளவுகோலால் சொல்வது?

எழுபது படிகள்

1949இல் வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்க உளவியலாளர், தம் நாட்டின் பழைய செப்புக் காசுகளைப் பற்றிய நூலொன்றில் 1 முதல் 70 வரையிலான ஓர் அளவுகோலை அறிமுகப்படுத்தினார். இன்ன நாணயம் என்று அடையாளம் காணுமளவுக்கு மட்டும் எஞ்சிய காசு 1 என்னும் எண்ணைப் பெறும். குறையே இல்லாத காசு 70 பெறும். 70ஆம் படியிலுள்ள காசு 1ஆம் படியிலுள்ளதைப் போல் எழுபது மடங்கு விலை பெறும் என்பதே அவரது அடிப்படை. அந்த விலைக் கணக்கு விரைவிலேயே பொய்த்துப்போயிற்று. எண்கள் மட்டும் நிலைத்தன. 1977இல் அமெரிக்க நாணயவியல் கழகம் இவ்வளவுகோலை எல்லா அமெரிக்க நாணயங்களுக்கும் உரியதாக்கியது.

இவ்வெண்களோடு சில சொற்களும் இணைந்து வழங்குகின்றன. அவற்றைப் புதியவர் நேர்ப்பொருளில் கொள்ளலாகாது. 'குட்' என்ற சொல் 4ஆம் எண்ணுக்கு உரியது. உருவத்தின் வெளிக்கோடு மட்டும் எஞ்சிய, மிகத் தேய்ந்த நாணயத்தையே அது குறிக்கும். 'ஃபைன்' 12ஐயும், 'வெரி ஃபைன்' 20 முதல் 35 வரையும், 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' 40, 45 ஆகியவற்றையும் குறிக்கும். 50 முதல் 58 வரை, புழக்கத்தின் சுவடு மிகச் சிறிதே படிந்தவை. 60 முதல் 70 வரையிலானவை புழக்கத்திற்கே வராதவை. இவற்றை 'மின்ட் ஸ்டேட்' என்று கூறி, எம்எஸ்-60, எம்எஸ்-65 என எழுதுவர். வழவழப்பாக்கிய தகட்டில் தனிக் கவனத்துடன் அடிக்கப்படும் 'புரூஃப்' நாணயங்களுக்குத் தனி வரிசை உண்டு.

மோர்கன் டாலரைத் தரம் காண்பவர் முதலில் அதன் மேடான இடங்களையே நோக்குவார். முகப்புறத்தில் சுதந்திர தேவியின் காதுக்கு மேலுள்ள கூந்தல், கன்னம். பின்புறத்தில் கழுகின் மார்புச் சிறகுகள். தேய்மானம் தொடங்குவது இவ்விடங்களில்தான். நெற்றியிலிருந்து காது வரை கூந்தலிழைகள் அனைத்தும் தெளிவாகத் தெரிந்தால் நாற்பதைத் தாண்டிய தரம்; அவற்றில் ஒரு பகுதி மழுங்கியிருந்தால் அதற்குக் கீழ்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. கூந்தல் மழுங்கியிருப்பதெல்லாம் தேய்மானத்தால் அன்று. நியூ ஆர்லியன்ஸில் அடிக்கப்பட்ட பல டாலர்களில் அச்சின் அழுத்தம் போதாமையால் பிறக்கும்போதே கூந்தல் தெளிவற்றிருக்கும். தேய்ந்ததையும் சரியாக அழுந்தாததையும் பிரித்தறிவது ஒளிர்வைக் கொண்டுதான். அச்சு அழுந்தும்போது வெள்ளி மையத்திலிருந்து விளிம்பை நோக்கிச் சிறிது பாய்கிறது; அப்பாய்ச்சலின் நுண்ணிய கோடுகளே புது நாணயத்தின் ஒளிர்வுக்குக் காரணம். விளக்கொளியில் நாணயத்தை மெல்லச் சாய்த்துத் திருப்பினால், வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல ஒளிக்கற்றைகள் சுழலும். மேடான இடத்திலும் அவ்வொளி முறியாமல் ஓடினால் நாணயம் புழக்கத்திற்கு வரவில்லை. அங்கு சாம்பல் நிறம் தட்டினால் விரல்கள் பட்டிருக்கின்றன.

புழங்காத நாணயத்திலும் வடுக்கள் இருக்கும். ஆயிரம் டாலர்கள் ஒரே பையில் ஒன்றோடொன்று மோதி உருண்டவை அல்லவா? கன்னத்தின் நடுவே விழுந்த ஒரு வடு, கூந்தலுக்குள் மறைந்த பத்து வடுக்களைவிடத் தரத்தை மிகுதியாகக் குறைக்கும். அழுத்தம், மேற்பரப்பு, ஒளிர்வு, பார்வைக்குரிய அழகு ஆகிய நான்கையும் ஒருங்கே எண்ணி முடிவு சொல்ல வேண்டும். எம்எஸ்-64க்கும் எம்எஸ்-65க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை விளக்கிச் சொல்வது எளிதன்று. ஆனால் சில ஆண்டு நாணயங்களில் அந்த ஒரு படியே விலையைப் பன்மடங்காக்கிவிடும்.

சாட்சி சொல்வோர்

படி ஒன்று ஏறினால் விலை பன்மடங்காகும் என்ற நிலையில், விற்பவரே தரத்தைக் கூறினால் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. விற்கும்போது 65 என்று கூறப்பட்ட நாணயம், அதே கடைக்கு வாங்கச் சொல்லித் திரும்பி வந்தபோது 63 ஆகிவிட்ட கதைகள் மலிந்தன. இதற்குத் தீர்வாகவே வாங்குபவரும் விற்பவரும் அல்லாத மூன்றாம் தரப்பு தரநிறுவனங்கள் தோன்றின. பிசிஜிஎஸ் 1986இலும் என்ஜிசி 1987இலும் பணியைத் தொடங்கின. அவற்றின் வல்லுநர் பலர் தனித்தனியே நாணயத்தைப் பார்த்து எண் கூறுவர். ஒருமித்த முடிவு அச்சிட்ட சீட்டுடன், நாணயம் திறக்க முடியாதவாறு பிளாஸ்டிக் பேழையில் முத்திரையிடப்படும்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. நாணயத்தைக் கண்ணால் காணாமலே ஒரு நாட்டிலிருப்பவர் மற்றொரு நாட்டிலிருப்பவரிடம் வாங்க முடிந்தது. ஆனால் அதே வசதி புதிய கேட்டையும் அழைத்து வந்தது. நாணயத்தை அறியாதவர்கள் எண்ணை மட்டும் பார்த்துப் பங்குகளைப் போல வாங்கிக் குவித்தனர். 1989இல் உச்சிக்கு ஏறிய சந்தை பின்னர்ச் சரிந்தது. எளிதில் கிடைக்கும் எம்எஸ்-65 மோர்கன் டாலர்கள் பல நூறு டாலரிலிருந்து நூறு டாலரளவுக்கு இறங்கின. 1990இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், தரப்படுத்தலின் துல்லியத்தைப் பற்றிய விளம்பரங்கள் மிகைப்பட்டவை என்று பிசிஜிஎஸ் மீது நடவடிக்கை எடுத்தது. அந்நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், விளம்பரங்களைத் திருத்த இணங்கி வழக்கை முடித்துக்கொண்டது.

ஒரே நாணயத்தைப் பேழையிலிருந்து உடைத்தெடுத்து மீண்டும் அனுப்பினால் வேறோர் எண் வருவதுண்டு என்பதைச் சேகரிப்பாளர் அனைவரும் அறிவர். உயர்ந்த எண் வரும்வரை அனுப்பிக்கொண்டேயிருப்போரும் உளர். எடையைத் தராசு சொல்கிறது. தரத்தை மனிதன் சொல்கிறான். முன்னது அளவீடு, பின்னது பயிற்சி பெற்ற கண்ணின் கருத்து. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே ஏமாற்றத்தின் தொடக்கம்.

இதற்கு ஷெல்டனின் வாழ்வே மிகவும் வேதனையான சான்று. அவர் 1977இல் மறைந்தார். அமெரிக்க நாணயவியல் சங்கம் என்னும் நியூயார்க் நிறுவனத்தின் தொகுப்பிலிருந்த உயர்தரச் செப்புக் காசுகளை அவர் எடுத்துக்கொண்டு, அவ்விடத்தில் தரம் குறைந்த தம் காசுகளை வைத்திருந்தார் என்பது அதன்பின் வெளிப்பட்டது. பழைய நிழற்படங்களோடு ஒப்பிட்டே அதனைக் கண்டறிந்தனர். காசுகளை மீட்கச் சங்கம் நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. நாணயத்தை அளக்க எழுபது படிகளை வகுத்தவரின் நாணயம் எந்தப் படியில் நின்றது என்பதை வாசகரே எண்ணிக்கொள்ளலாம். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல் அமைந்திருப்பது பொருள் பொதிந்த ஒற்றுமையே.

நீரும் தராசும்

தரத்தைக் காணுமுன் நாணயம் மெய்யானதா என்பதை உறுதி செய்தல் வேண்டும். விலை உயர உயரப் போலிகளும் பெருகுவது இயல்பு. 1893ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் ஓர் இலட்சம் டாலர்களே அடிக்கப்பட்டன. மோர்கன் வரிசையில் இதுவே புழக்கத்திற்கென அடிக்கப்பட்டவற்றுள் மிகக் குறைந்த எண்ணிக்கை. எனவே அவ்வாண்டின் பிலடெல்பியா டாலரில் சான் பிரான்சிஸ்கோவுக்குரிய 'எஸ்' எழுத்தை ஒட்டி விற்போர் தோன்றினர். மெய்யான 1893 சான் பிரான்சிஸ்கோ டாலர்கள் அனைத்தும் ஒரே முகப்பு அச்சிலிருந்து வந்தவை. தேவியின் தலைப்பட்டையில் பொறித்த 'லிபர்ட்டி' என்னும் சொல்லின் 'டி' எழுத்தின் மேல் ஒரு நுண்கோடு புடைத்திருப்பது அவற்றின் அடையாளம். அந்தக் கோடு இல்லாத நாணயத்தை ஐயுறுதல் வேண்டும்.

அண்மைக் காலத்தில் நாணயத்தை மட்டுமின்றி, தரநிறுவனத்தின் பேழையையும் சீட்டையும்கூடப் போலியாகச் செய்கின்றனர். ஆகவே எளிய சோதனைகளின் பயன் குறையவில்லை. மோர்கன் டாலரின் எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர். காந்தம் அதனை ஈர்க்காது. அதே அளவில் செம்பு–நிக்கல் கலவையில் வார்த்தால் எடை ஏறத்தாழ 23 கிராமாகவே இருக்கும். எடையைச் சரிசெய்யத் தடிமனைக் கூட்டியிருந்தால், அதனை நீர் காட்டிக்கொடுக்கும். நாணயத்தை நூலில் கட்டி நீரில் மூழ்கவிட்டு நிறுத்தால், மெய்யான டாலரின் எடை 2.6 கிராம் அளவுக்குக் குறையும். உலர்ந்த எடையை இக்குறைவால் வகுத்தால் 10.34 என்னும் ஒப்படர்த்தி கிடைக்கும். பெரும்பாலான மலிவு உலோகக் கலவைகள் இவ்வெண்ணை எட்டா.

இம்முறையை அறிவியலாக வளர்த்ததில் இஸ்லாமிய அறிஞர்க்குப் பெரும்பங்குண்டு. கி.பி. 11ஆம் நூற்றாண்டில் அல்பீரூனி உலோகங்கள், மணிக்கற்கள் ஆகியவற்றின் ஒப்படர்த்தியை வியத்தகு நுட்பத்துடன் அளந்தார். அவர்தம் வழியில், மர்வு நகரத்தில் ஸல்ஜூக்கிய சுல்தான் ஸன்ஜரின் ஆதரவில் வாழ்ந்த அல்காஸினி, கி.பி. 1121இல் 'மீஸானுல் ஹிக்மா' என்னும் நூலை இயற்றினார். 'ஞானத் தராசு' என்று பொருள்படும் அந்நூல், நீரில் நிறுத்துப் பொன்னிலும் வெள்ளியிலும் உள்ள கலப்பைக் கண்டறியும் தராசின் அமைப்பை விரித்துரைக்கிறது. கலப்பு நாணயத்தால் கடைத்தெருவில் ஏமாறுவோரைக் காப்பதும் அறிவியலின் கடமை என்ற எண்ணம் அந்த உழைப்பின் பின்னே நின்றது. ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னும், சேகரிப்பாளரின் மேசைமேல் உள்ள சிறு தராசும் நீர்க்குவளையும் அதே பணியையே செய்கின்றன.

தூய்மையால் விளையும் கேடு

போலியைவிடவும் மிகுதியான நாணயங்களின் மதிப்பை அழித்தது அவற்றைத் துலக்கும் பழக்கமே. கறுத்த வெள்ளியைக் கண்டால் சாம்பலோ புளியோ இட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது நம் வீடுகளின் வழக்கம். பாத்திரத்துக்கு அது நன்று, நாணயத்துக்கு அன்று. வெள்ளியின் மேல் படியும் கருமை, காற்றிலும் துணியிலும் தாளிலும் உள்ள கந்தகத்தின் விளைவு. அது மெல்லிய படலமாகப் பல்லாண்டு சென்று படியும்போது பொன், நீலம், செம்மை எனப் பல வண்ணங்களைக் காட்டும். சேகரிப்பாளர் அதற்கென்றே கூடுதல் விலை தருவதுமுண்டு. துலக்கும்போது அப்படலத்தோடு, நாம் முன்னர்க் குறிப்பிட்ட பாய்ச்சற் கோடுகளும் அழிகின்றன. வெண்மை வரும், சுழலும் ஒளி வராது. அத்தகைய நாணயத்துக்குத் தரநிறுவனங்கள் பொதுவாக எண் வழங்காமல், 'துலக்கப்பட்டது' என்று குறித்துத் திருப்பி அனுப்பும். ஐந்து நிமிட உழைப்பில் நூறாண்டுச் சாட்சியம் அழிந்துபோகிறது.

இது அமெரிக்க டாலருக்கு மட்டும் உரிய செய்தியன்று. தமிழ் முஸ்லிம்கள் வணிகம் செய்த பினாங்கிலும் சிங்கப்பூரிலும் மெக்சிகோ டாலரும், 1895 முதல் பெரும்பாலும் பம்பாய் நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட பிரிட்டிஷ் டாலரும் புழங்கின. இவையும் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளிக்குக் குறையாதவை. கடல் கடந்து சென்றோர் கொணர்ந்த இத்தகைய நாணயங்கள் எவரிடமேனும் இருப்பின், அவற்றுக்கும் மேற்சொன்ன விதிகள் அனைத்தும் பொருந்தும். விளிம்பைப் பிடித்தே எடுத்தல் வேண்டும்; இரப்பர் வளையம், மென்மையூட்டிய பிளாஸ்டிக் உறை ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும்; ஈரமற்ற இடத்தில் வைத்தல் வேண்டும்; எக்காரணத்தாலும் துலக்கலாகாது.

மஸ்கட்டின் நாணயம் உணர்த்துவது

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குத் திரும்புவோம். 1804 டாலர் 1804இல் அடிக்கப்பட்டதன்று. அவ்வாண்டில் 19,570 டாலர்கள் அடிக்கப்பட்டதாக நாணயச்சாலைப் பேரேடு கூறியது உண்மை. ஆனால் அவை பழைய அச்சுகளால், முந்தைய ஆண்டுகளின் பொறிப்போடு அடிக்கப்பட்டவை. 1834இல் மஸ்கட், சயாம் ஆகிய நாடுகளின் மன்னர்க்கு அன்பளிப்புப் பேழை ஆயத்தம் செய்யுமாறு ஆணை வந்தபோது, அலுவலர் பேரேட்டைப் பார்த்து, இறுதியாக டாலர் அடித்த ஆண்டு 1804 என்று கருதிப் புதிய அச்சுகளை வெட்டினர். அவ்வாறு பிறந்த முதல் வகையைச் சேர்ந்தவை எட்டு மட்டுமே அறியப்பட்டுள்ளன. நாணயத்தின் முகத்திலுள்ள ஆண்டு முப்பதாண்டு முந்தியது. எனினும் எந்த ஆணையால், எவருக்காக, எந்தக் கப்பலில் அது சென்றது என்பதை ஆவணங்கள் எடுத்துரைக்கின்றன. மஸ்கட் நாணயத்துக்குப் பிசிஜிஎஸ் வழங்கிய தரம் 68.

ஆக, வெள்ளி டாலரின் விலையில் மூன்று பங்குகள் உள்ளன. வெள்ளியின் பங்கை எவரும் நிறுத்து அறியலாம். நிலையின் பங்கைப் பயின்ற கண் அறியும்; அது மனிதக் கருத்தாதலால், வாங்குபவர் தாமும் சிறிது பயின்றாலன்றி ஏமாறுவார். வரலாற்றின் பங்கோ எழுதி வைத்தோரால் மட்டும் எஞ்சுகிறது. வீட்டில் பழைய நாணயம் ஒன்றை வைத்திருப்போர் அதனை யார், எந்த ஊரிலிருந்து, ஏறக்குறைய எந்த ஆண்டில் கொண்டுவந்தார் என்பதை மூத்தோரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிப் பாதுகாத்தல் நன்று. அத்தாளை நாணயத்தைத் தொடாதவாறு தனியே வைத்தல் வேண்டும். வெள்ளியை எப்போது வேண்டுமானாலும் நிறுத்துக்கொள்ளலாம். விவரம் அறிந்த மூத்தோர் எப்போதும் நம்மோடு இருக்கப்போவதில்லை.